காக்கை விழிக்கும் முன் ஒரு பலகை

பக்கோக்கு,
தஸாங்மோன் மாதம், தேய்பிறை ஐந்தாம் நாள்.

அன்பு மகள் யதனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி சிங்கப்பூரில் இருக்கிற நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் புத்தர் மாடத்தில் பூ மாற்றும்போது முதல் வேண்டுதலாக வைக்கிறேன். நீ அனுப்பிய கடிதமும் மூட்டுவலித் தைலமும் வந்து சேர்ந்தன.

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. உன் அண்ணன் மகள் சூ மோன் மக்வேயில் மருத்துவச்சிப் பயிற்சியை முடித்துவிட்டு நம் ஊர் மருத்துவமனையிலேயே சேர்ந்துவிட்டாள், நாற்பத்தொரு பெண்களில் இரண்டாவதாக வந்திருக்கிறாள், முதலாவதாக வந்தவளின் அம்மாவும் மருத்துவச்சியாம், அப்படிப் பார்த்தால் நம் பிள்ளைதான் முதல். பயிற்சி முடிவதற்குள்ளேயே ஊருக்கு வரும் வழியில் படகில் ஒருத்திக்கு வலி எடுத்து இவளே பிரசவம் பார்த்தாள், தாயும் பிள்ளையும் நலம், அந்தக் குழந்தைக்கு மோன் என்று இவள் பெயரில் பாதியை வைத்திருக்கிறார்கள். அவள் தம்பி தூரா பத்தாவதில் மூன்று பாடங்களில் தனிச்சிறப்பு வாங்கினான், அதில் ஒன்று கணக்கு, நம் வம்சத்தில் கணக்கில் தேறியவனே இவன்தான். பிரம்புப் பந்து ஆட்டத்திலும் மாவட்ட அணியில் எடுத்திருக்கிறார்கள், முழங்காலைப் பார்த்துக்கொள் என்று நீயும் ஒரு வரி எழுது, நான் சொன்னால் கேட்பதில்லை. கடைக்குட்டி லே லே மடத்துப் பள்ளியில் புத்தர் சொன்ன முப்பத்தெட்டு மங்கலங்களையும் ஒரு இடத்தில்கூடத் தட்டாமல் ஒப்பித்து ஒரு குடை பரிசு வாங்கினாள், மழை நின்றுபோன மாதத்திலும் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போகிறாள். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் நான், என் பேரப்பிள்ளைகளின் படிப்பை என் கையாலேயே எழுதுகிற பாக்கியம் கிடைத்ததே, அது போதும்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நீ பார்த்துக்கொள்ளும் அந்த நாலு வயதுப் பிள்ளை உன் செருப்பை அரிசிப் பானையில் ஒளித்து வைக்கும்போதெல்லாம் நீ நம் பாஷையில் ஜீஸே என்று சொல்ல, இப்போது அந்தப் பிள்ளையும் நாள் முழுக்க ஜீஸே ஜீஸே என்று சொல்லிக்கொண்டு திரிகிறது, வீட்டம்மா அது என்ன வசவா என்று கேட்டாள், எனக்கு விளக்கத் தெரியவில்லை, நீ சொல்லம்மா என்று எழுதியிருந்தாய். வசவு இல்லை என்று முதலில் அவளிடம் சொல்லிவிடு. ஆனால் இந்தச் சொல்லை விளக்கப் போனால் நான் உன்னிடம் பதினாலு வருஷமாகச் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு நீ ஒரு பதிலும் சொல்ல வேண்டியிருக்கும். சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசிக்குள் வீட்டம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் கடைக்கு இன்று விடுமுறை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜீஸே என்றால் குறும்பு, விளையாட்டு, சீண்டல் எல்லாம்தான், ஆனால் எல்லாச் சீண்டலும் அது ஆகிவிடாது. உன் அப்பா நான் குழம்பு கிளறும்போது பின்னால் வந்து கொண்டைச் சீப்பை உருவிக்கொண்டு போவாரே, அது. நம் தெருப் பெரியவர் ஊ போ டின் பிடிக்கும் சுருட்டை அவர் பேரன் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டு அவரைப் போலவே இருமிக் காட்டியது, அது. அதே சமயம், உனக்கு ஆறு வயதிருக்கும்போது யாரோ ஒருவன் படகுக்கார ஊ ஞோவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு படகு ஆற்றோடு போய்விட்டதே, அவனும் பிடிபட்டபோது ஜீஸேதான் பண்ணினேன் என்று சொன்னான், ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏனென்றால் பொருள் சொந்தக்காரனிடம் திரும்பி வர வேண்டும், வரும்போது அவனுக்கும் சிரிப்பு வர வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் இத்தனை வயதுக்குப் பிறகு இந்த வாரம்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். அந்தச் சொல்லைச் செய்தவன் சொன்னால் அது வெறும் சாக்கு. யாருக்குச் செய்தானோ அவர் சொல்ல வேண்டும். உன் செருப்பை ஒளித்த பிள்ளைக்கு அதை நீ சொல்கிறாய் பார், அதுதான் சரியான பிரயோகம். வீட்டம்மாவிடம் இப்படியே சொல், புரிந்துகொள்வாள்.

உனக்கு நினைவிருக்கும், தஸாங்மோன் பௌர்ணமிக்கு முந்தின நாள் மஞ்சள் கொன்றை மொட்டைப் பறித்து வேகவைத்து நிலக்கடலையும் எள்ளும் போட்டுப் பிசைந்து மருந்தாகச் சாப்பிட்டுப் படுத்தால், மறுநாள் காக்கை விழிப்பதற்குள் பிள்ளைகள் மாற்றி வைத்து ஊரில் ஒரு பொருளும் அதனதன் இடத்தில் இருக்காது. இந்த வருஷமும் பிள்ளைகள் ஒரு குறையும் வைக்கவில்லை. முடிதிருத்துகிறவரின் சுழல் நாற்காலி அரசமரத்தடியில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நெய்தல் ஆசிரியையின் மாட்டுவண்டி ஆற்றங்கரை மேட்டில் மாடில்லாமல் நின்றது. பல் வைத்தியரின் பலகையை ஊ போ டின் வீட்டு வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள், அவருக்கு ஒரு பல்கூட இல்லை என்பது உனக்குத் தெரியாது, போன மழைக்காலத்தோடு கடைசிப் பல்லும் போய்விட்டது. அவர் அந்தப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு மீன்குழம்பும் அரிசிச் சேவையும் மணக்கும் நம் மொய்ங்காக் கடைக்கு வந்து, "வைத்தியரே வீட்டுக்கு வந்துட்டார், வைத்தியம் பாக்கத்தான் வாயில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் காலையில் யாரும் கோபப்படக்கூடாது, வட்டாரத் தலைவரிடம் போகக்கூடாது, தேடிப் போய்ச் சிரித்துக்கொண்டே எடுத்து வர வேண்டும், இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த முறையை இந்தத் தெருவில் மீறியவள் ஒரே ஒருத்திதான். அது உன் அம்மா.

பதினாலு வருஷத்துக்கு முந்தின அந்தக் காலையை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அப்பா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. விடிந்ததும் குழம்புப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கதவைத் திறக்கிறேன், நம் கடைப் பலகை இருந்த இடத்தில் புதிதாக ஒரு தேக்குப் பலகை, நீல எழுத்து, ஓரத்தில் தாமரைக்கொடி. இவ்வீட்டிற்கு நல்ல மருமகன் ஒருவர் தேவை, உள்ளே விசாரிக்கவும் என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே பொடி எழுத்தில், பலகை எழுதத் தெரிந்தவருக்கு முன்னுரிமை உண்டு. இந்த ஊரில் பலகை எழுதத் தெரிந்த கல்யாணமாகாத பையன் வுன்னா ஒருவன்தான். தெரு முழுக்க நின்று சிரித்தது. இப்போது யோசித்தால் அதில் ஒருவருடைய சிரிப்பிலும் விஷமில்லை, ஆனால் அன்று என் காதில் வேறு மாதிரி விழுந்தது. குடும்பத் தலைவர் போன வீடு, இனி யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பலகையைப் பிடுங்கிக்கொண்டு, அப்போது வட்டாரத் தலைவராக இருந்த ஊ போ டின் வீட்டுக்கு நடந்தேன். அவர் பாவம் என் பெயரைச் சொல்லி, "தான் நூ, இன்னைக்கா, இன்னைக்குப் போய் புகாரா" என்று மூன்று தரம் கேட்டார். நான் விடவில்லை. வுன்னாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவன் கைவிரலில் நீலச் சாயத்தோடே வந்து, உறவில்லாத ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் என்னைக் கூப்பிடுகிறபடி, "ஜீஸேதான் பெரியம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றான். "அந்தச் சொல்ல நீ சொல்லக்கூடாது, நான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்றேன். வட்டாரமே பார்க்க அவனை மண்டியிட்டு மூன்று முறை வணங்க வைத்தேன். இனி என் வாசலை மிதிக்காதே என்றும் சொன்னேன். திரும்பி வந்தபோது நீ கழுவி அடுக்கியிருந்த கிண்ணங்களையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் அதைப் பார்த்தேன், பார்க்காதது போல உள்ளே போய்விட்டேன். மூன்று மாதத்தில் நீ சிங்கப்பூருக்குப் போகிறேன் என்றாய். அவன் சீவரம் தரித்துத் துறவியாக மடத்துக்குப் போனான், மூன்று வருஷம் கழித்து அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோதுதான் திரும்பி வந்து பலகைக் கடையைத் திறந்தான். அவன் அப்பாவும் போய்விட்டார், நான் எழுதியிருக்கிறேன். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை மட்டும் நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

அந்தப் பலகையை அடுப்பில் வைக்கப் போனேன், நல்ல தேக்கு, மனம் வரவில்லை. எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி அரிசிப் பெட்டிக்கு மூடியாகப் போட்டுவிட்டேன். புத்திசாலித்தனமாக மறைத்துவிட்டதாக நினைத்தேன், ஆனால் அரிசி அளக்க மூடியைத் தூக்கும்போதெல்லாம் எழுத்து என் முகத்துக்கு நேராக வரும். ஒரு நாளைக்கு இரண்டு தரம், பதினாலு வருஷம், கணக்கில் தேறிய தூராதான் எத்தனை தரம் என்று சொல்ல வேண்டும். நம் கடைப் பலகையும் வெயிலில் வெளுத்து ஒரு எழுத்தும் தெரியாமல் போய்விட்டது, வெளியூர்க்காரர்கள் இது என்ன கடை என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். எழுதக் கொடுக்க அவனை விட்டால் ஆளில்லை, கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுக் கடைசியில், நம் தெருவில் புதுப் பலகைகள் ஏதாவது வந்திருக்கின்றனவா அம்மா என்று ஒரு வரி எழுதுவாய். நான் ஐந்தாவதுதான் படித்தேன், ஆனால் அந்த வரியைப் படிக்கத் தெரியாதவள் இல்லை. மருந்துக்கடைக்குப் புதுப் பலகை, தையல்காரிக்குப் புதுப் பலகை என்று பதில் எழுதிக்கொண்டே இருந்தேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். நான் பார்த்துச் சொன்ன இரண்டு வரன்களுக்கும் நீ அப்புறம் அப்புறம் என்று எழுதியது ஏன் என்றும் எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் விடியலில் என்ன நடந்தது என்றால், நான் எழுந்து புத்தரை வணங்கிவிட்டுத் தலை நிமிர்ந்தால் மாடத்துக்குப் பக்கத்தில் சுவரில் உன் படம் இல்லை. நீ போவதற்கு முந்தின நாள் பச்சை லுங்கி கட்டி, காதோரம் பூ வைத்து, ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டாயே, அந்தப் படம். ஆணி மட்டும் இருந்தது. அரிசி எடுக்கப் போனால் பெட்டிக்கு மூடி இல்லை. அப்போதே புரிந்துவிட்டது, கதவைத் திறக்கும் முன்னேயே வாசலில் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் மாட்டியிருந்த அதே ஆணியில் அதே பலகை. ஊ போ டின் பல் வைத்தியர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, "தான் நூ, எனக்கு வயசு எண்பத்தொண்ணு, இன்னொரு தடவை விசாரணை வெக்கத் தெம்பில்ல, சொல்லிட்டேன்" என்றார். கடையே சிரித்தது. எனக்கு அன்றைக்கு வந்த அதே சூடு காது வரைக்கும் ஏறியது என்று உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். யார் செய்தது என்று கேட்டேன். சூ மோன் கையில் கரண்டியோடு உள்ளேயிருந்து வந்து, "நான்தான் பாட்டி" என்றாள். செய்தவர் ஒளியக்கூடாது என்ற பழக்கத்தை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், என்ன செய்வது. "அதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்கெப்படித் தெரியும்" என்றால், "பாட்டி, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டதே அந்த மூடியிலதான், பள்ளிக்கூடத்துல டீச்சர் முதல் நாள் உனக்கு என்ன எழுதத் தெரியும்னு கேட்டாங்க, மருமகன் தேவைன்னு எழுதினேன், அம்மாவக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்கிறாள். உன் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள், அவளுக்கும் அப்போதிருந்தே தெரியுமாம். இந்த வீட்டில் அதை மறைத்து வைத்திருப்பதாக நினைத்தவள் நான் ஒருத்திதான்.

"அத்தை படம் எங்கடி" என்றேன். "போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கு" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாட்டி, மருத்துவமனைப் பலகை எழுதக் கொடுக்கப் போறப்பல்லாம் அந்த மனுஷன் உங்க அத்தை ஊர்ல குளிரான்னு கேக்கறார். சிங்கப்பூர்ல குளிரே கிடையாதுன்னு நாலு தடவை சொல்லிட்டேன். அஞ்சாவது தடவையும் கேக்கறார்" என்றாள். நான் கிண்ணத்தில் குழம்பு ஊற்றினேன், நுரை தளும்பி வெளியே போயிற்று.

அந்த நாளில் இடம் மாறிய பலகைகளையெல்லாம் வுன்னாதான் வீடு வீடாகக் கொண்டுபோய்த் திரும்ப மாட்டுவான், எது எந்த ஆணி என்று எழுதியவனுக்குத்தானே தெரியும். காலை எட்டு மணி இருக்கும், தோளில் நாலைந்து பலகைகளோடு தெருக்கோடியில் வந்தான். மற்ற வீடுகளில் நின்று மாட்டிவிட்டு வந்தவன் நம் வாசலுக்கு எதிரே வந்ததும், வழக்கம்போலச் சாலையின் அந்தப் பக்கமாக ஒதுங்கி நின்றான். பதினாலு வருஷமாக அவன் நம் வாசலை மிதித்ததில்லை, நான் சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றியிருக்கிறான். கையில் ஒரு துண்டில் சுற்றி உன் படத்தை வைத்திருந்தான். விடியலில் கடையைத் திறக்கும்போது எழுதி முடித்து வெளியே காயவைத்த பலகைகளுக்கு நடுவில் நீ தொங்கிக்கொண்டிருந்தாயாம், மேலெல்லாம் பனி. அப்போதுதான் நம் வாசலுக்கு மேல் இருந்த பலகையைப் பார்த்தான். தன் எழுத்தைத் தானே ஒவ்வொன்றாகப் படித்தான். தலையில் நரை விழுந்துவிட்டது யதனா, ஆனால் வெட்கப்பட்டால் காது மட்டும் சிவக்கும் பார், அது மாறவில்லை. கடையில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒருவரும் கரண்டியை அசைக்கவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டு, "எழுத்து ரொம்ப மங்கிடுச்சு பெரியம்மா. அப்ப வயசுல எழுதுனது, தாமரைக்கொடியும் கோணல். வேணும்னா திரும்ப எழுதித் தரட்டுமா" என்று கேட்டான்.

என்ன கேட்டான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. உனக்கும் புரியும். நான் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி நடு வாசலுக்கு வந்தேன். அன்றைக்கு வட்டாரமே பார்க்கத்தான் அவனை வணங்க வைத்தேன், அதனால் இதையும் உள்ளே கூப்பிட்டுக் காதோடு சொல்லக்கூடாது என்று தோன்றியது. "ஊ போ டின், நீங்களும் கேளுங்க" என்றேன். "அன்னைக்கு இந்தப் பையன் செஞ்சது ஜீஸே. நான் சொல்ல வேண்டிய சொல்லு, பதினாலு வருஷம் லேட்டா சொல்றேன். தப்பு என்னோடது." சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு லேசாக இருந்தது. அவன் பதறி, "இல்ல பெரியம்மா, நானும் நேரம் பாக்காமப் பண்ணிட்டேன். பெரியப்பா போயி நாலு மாசம்தான் ஆயிருந்துது. அந்த வீட்டுல சிரிக்கிற நிலைமை இருக்கான்னு யோசிக்கல. அந்த வயசுக்கு அது புரியல" என்றான். பார்த்தாயா, நான் உனக்கு மேலே விளக்கிய சொல்லின் மீதிப் பாதியை அவன் சொல்லிவிட்டான். எதிராளிக்குச் சிரிக்கத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும், இதையும் அந்த வீட்டம்மாவிடம் சொல். ஊ போ டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிடா, வழக்கு முடிஞ்சுது, படி ஏறி வந்து உக்காரு. பெரியம்மாவாம் பெரியம்மா, அம்மான்னு கூப்பிட இப்பவே பழகிக்க" என்றார். நான், "வாய மூடிட்டுச் சாப்பிடுங்க, பல்லு வைத்தியரே" என்றேன்.

அவன் படியேறி வந்தான். முதலில் வாழைத்தண்டு அதிகம் போட்டு ஒரு கிண்ணம், அப்புறம் பேஜோ பருப்பு வடையை நொறுக்கிப் போட்டு இன்னொரு கிண்ணம், முந்தின நாள் மீதி இருந்த கொன்றை மொட்டுப் பிசைந்ததும் கொடுத்தேன், கசக்கிறது என்று சொல்லாமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துப் போகும்போது தானாகவே, சூ மோன் கழற்றிச் சுவரோரம் வைத்திருந்த நம் வெளுத்த கடைப் பலகையை எடுத்துக்கொண்டு போனான், நேற்று எழுதிக் கொண்டுவந்து மாட்டினான், இப்போது தெருக்கோடியிலிருந்தே டோ தான் நூ மொய்ங்கா என்று தெரிகிறது, எனக்கே வாசலில் நின்று படித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. மற்றப் பலகையை மட்டும் நான் கொடுக்கவில்லை. "அதைப் புதுசா எழுதறதுக்கு என் சம்மதம் மட்டும் போதாது, அந்தப் பலகை யாருக்காக எழுதினியோ அவ சொல்லணும், கடிதம் போட்டுக் கேக்கறேன்" என்றேன். "மெதுவாக் கேளுங்க, அவசரமில்ல" என்றான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "அவங்களுக்கு இஷ்டமில்லன்னா என்கிட்ட சொல்ல வேண்டாம், பலகைய அடுப்புல வெச்சிடுங்க, நான் புரிஞ்சுக்கறேன்" என்றான். இதில் ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மகளே, நான் உன்னை வற்புறுத்துவதாக நினைத்துவிடாதே. முன்பு நான் உன்னைக் கேட்காமல் ஒரு முடிவு செய்தேன், மறுபடி அப்படிச் செய்ய மாட்டேன். உனக்கு முப்பத்தெட்டு வயது, நீ சம்பாதித்து அனுப்பியதில்தான் சூ மோன் படித்தாள், யாருக்கும் நீ கடமைப்பட்டவள் இல்லை. அந்தப் பிள்ளையைவிட்டு வர உனக்கு மனம் வராமலும் இருக்கலாம், அந்த ஊர் உனக்குப் பழகிப்போயிருக்கலாம், இல்லை அவன்மேல் இருந்த எண்ணமே ஆறிப்போயிருக்கலாம். எதுவானாலும் நான் குறை சொல்ல மாட்டேன். சூ மோனையும் திட்டவில்லை, அவளுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன், அவள் அதற்காகத்தான் இரண்டு நாளாக என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். பலகை இப்போது புத்தர் மாடத்துக்குக் கீழே சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. அரிசிப் பெட்டிக்கு உன் அண்ணன் தகரத்தில் ஒரு மூடி செய்து கொடுத்தான், திறந்தால் ஒன்றும் எழுதியில்லை, எனக்கு அது இன்னும் பழகவில்லை.

குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே, வேலை முடிந்து ஈரத்தலையோடு தூங்காதே, மற்ற ஊர்ப் பெண்களோடு ஒற்றுமையாக இரு, விரத நாட்களை மறக்காதே. அந்தப் பிள்ளைக்கு என் சார்பில் ஒரு முத்தம், இன்னொரு நாள் அது உன் செருப்பை ஒளித்தால் தேடுகிற மாதிரி நடித்துக் கொஞ்ச நேரம் தேடு, உடனே எடுத்துவிட்டால் அதற்குச் சப்பென்று போய்விடும். எந்த இடரும் உன்னை அண்டாமல், உன் உடம்பும் மனமும் குளிர்ந்திருக்க, நீ நடக்கும் வழியெல்லாம் நல்லவர்களே எதிரே வர, அம்மா காலையும் மாலையும் மைத்ரி வாழ்த்து அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. பனி கண்ணாடிக்குள் இறங்கி உன் பழைய படம் கெட்டுப்போய்விட்டது, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது பாதி முகம் போய்விட்டது, காதோரப் பூ மட்டும் அப்படியே இருக்கிறது. சுவரில் வெறும் ஆணியைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் ஸ்டூடியோவுக்குப் போய் இப்போது இருக்கிறபடியே ஒரு புதுப் படம் எடுத்துக்கொள், நரை தெரிந்தால் தெரியட்டும், இங்கேயும் நரைதான். உனக்கு விருப்பமில்லை என்றால் ஒரே ஒரு பிரதியைத் தபாலில் போடு, நான் ஒன்றும் கேட்காமல் நம் சுவரில் மாட்டிக்கொண்டு பலகையை எடுத்து வைத்துவிடுவேன். விருப்பமிருந்தால் இரண்டு பிரதியாக அனுப்பு.

இப்படிக்கு,
தபால்காரன் சைக்கிள் மணிக்குக் காதை வைத்திருக்கும் உன் அம்மா,
டோ தான் நூ